மூன்று தடவை கேட்கிற ஊர்

நூலா மெக்கிர் வாயிலிருந்து "சரி" என்கிற சொல் முதல் தடவையில் வந்ததே கிடையாது. டெஸ்ஸி அவளிடம் கல்யாணப் பேச்சை எடுத்தபோதுகூட, "அட போ, உனக்கு எதுக்கு அந்தச் சிரமம்" என்றாள். அவனும் எங்கள் கில்னவார் ஊரில் பிறந்து வளர்ந்தவன்தானே, அசரவில்லை. அடுத்த ஞாயிறு கேட்டான், அதற்கடுத்த ஞாயிறும் கேட்டான், அப்போது தலையை ஆட்டினாள். இதில் சிரிக்க ஒன்றுமில்லை. எங்கள் பக்கத்தில் யாராவது டீ வேண்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்லவேண்டும். இரண்டாம் தடவை கேட்டால் "உங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்கிறது. மூன்றாம் தடவை, "சரி, அரைக் கோப்பை போதும்" என்று சொல்லி முழுக் கோப்பையையும் குடிக்கிறது. முதல் கேள்விக்கே கையை நீட்டுகிறவனை ஆலாய்ப் பறக்கிறவன் என்போம். ஒரே தடவை கேட்டு நிறுத்திக்கொள்கிறவனுக்குக் கொடுக்க மனசில்லை என்று அர்த்தம். இதை யாரும் யாருக்கும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்ததில்லை.

நூலாவுக்கு வயது நாற்பத்து மூன்று. முதியோர் இல்லத்தில் பத்தொன்பது வருடமாக உதவியாள் வேலை. கிழவர்களைப் புரட்டிப் படுக்கவைப்பது, துடைப்பது, ஊட்டுவது எல்லாம் அவள்தான். யார் இடுப்பில், யார் குதிகாலில் தோல் சிவக்கிறது என்று முதலில் பார்க்கிறவளும் அவள்தான். ஆனால் அதைப் புண் என்று ஏட்டில் எழுதுகிற உரிமை அவளுக்குக் கிடையாது. வராந்தாவில் ஓடிப்போய் நர்ஸைக் கூட்டிவர வேண்டும். நர்ஸ் போன பிப்ரவரியில் பாஸ் பண்ணிய பெண்ணாக இருக்கும். குனிந்து பார்த்துவிட்டு, "ஆமா, கொஞ்சம் சிவந்திருக்கு, ரெண்டு நாள் பாக்கலாம்" என்று போய்விடும். இரண்டு நாளில் அங்கே குழி விழுந்திருக்கும். இப்படி எத்தனை பேர் முனகி முனகிச் செத்ததைப் பார்த்துவிட்டாள். தானே நர்ஸாகிவிடுவது என்று ஒரு நாள் முடிவு பண்ணினாள்.

பள்ளிக்கூடத்தைப் பதினாறு வயதில் விட்டவளைப் பல்கலைக்கழகத்தில் யார் சேர்ப்பார்கள்? அதற்குத்தான் எங்கள் வட்டாரக் கல்லூரி இருக்கிறது. கீழ்த்தளத்தில் வெல்டிங், முதல் மாடியில் முடி திருத்தும் வகுப்பு, அதற்கு மேலே நூலாவைப் போல இரண்டாவது தடவை படிக்க வந்தவர்களுக்கு ஒரு வருட நுழைவுப் படிப்பு. வருடம் முழுக்க அந்த வகுப்பறையில் தலைச்சாய வாசனைதான். பழகுவதற்குத் தலை கிடைக்காமல் முடி திருத்தும் பெண்கள் மேலே வந்து கெஞ்சுவார்கள். நூலாவின் முன்முடி மூன்று தடவை கோணலாக வெட்டப்பட்டது. அந்தப் பெண்கள் மூன்று தடவையும் ஒழுங்காக மூன்று முறை கேட்டுத்தான் அவளை உட்காரவைத்தார்கள் என்பதையும் சொல்லவேண்டும்.

பன்னிரண்டு பாடம், எல்லாவற்றுக்கும் சேர்த்துச் சராசரி அறுபத்தைந்து. அது இருந்தால் டெர்ரி நகரத்தில் நர்ஸிங் இடம் உறுதி என்று பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்துவிட்டது. குறைந்தால் இல்லை. இல்லத்தில் அவளுக்கு வேலையைக் குறைத்துக் கொடுத்தது ஒரே ஒரு வருடத்துக்கு. கல்குவாரியில் முதுகு போன டெஸ்ஸி, அந்த முதுகோடு இரட்டை வேலை பார்த்தான். "ஒரு வருஷம் நூலா. அதுக்கு மேல இந்த முதுகு தாங்காது" என்று முதல் நாளே சொல்லிவிட்டான்.

அவர்களுக்குப் பாடம் நடத்தியது ஹிலரி பென்ஃபோல்ட். இங்கிலாந்தில் சசெக்ஸ் பக்கத்துக்காரி, ஊருக்கு வந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. தங்கமான மனுஷி. ஒரு வார்த்தை சொன்னால் அதே வார்த்தைதான், அதற்கு முன்னும் பின்னும் ஒன்றும் இருக்காது. "யாராவது உங்க கட்டுரையை வாசிச்சுக் காட்டறீங்களா?" என்று முதல் வாரம் கேட்டாள். எல்லோரும் மேஜையைப் பார்த்தார்கள். "சரி, அடுத்ததுக்குப் போவோம்" என்று போய்விட்டாள். வாசிக்கத் தயாராக வந்திருந்த ஏழு பேருக்கும் முகம் விழுந்துவிட்டது.

"என்ன இந்தம்மா, கேக்கவே இல்லையே" என்றாள் நூலா, சாப்பாட்டுக் கூடத்தில்.

"கேட்டாங்களே" என்றாள் பக்கத்தில் உட்காரும் ப்ரோனா. பத்தொன்பது வயது, வாய் கொஞ்சம் நீளம். "அவங்க ஒரு தடவதான் கேப்பாங்க நூலா. நம்ம ஊரு பஸ் மாதிரி. போச்சுன்னா போச்சு."

நூலா விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு அதை மறந்தும் போனாள்.

மே மாதம். கடைசிப் பாடத்துக்குக் கட்டுரை எழுதவேண்டும், தலைப்பு அவரவர் விருப்பம். நூலா படுக்கைப்புண்ணை எடுத்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமை நண்பகல் பன்னிரண்டுக்குள் கல்லூரியின் இணையதளத்தில் ஏற்றிவிட வேண்டும். திங்கட்கிழமையே முக்கால்வாசி முடிந்துவிட்டது. எங்கிருந்து எடுத்த தகவல் என்கிற பட்டியலும் முடிவுரையும்தான் பாக்கி. செவ்வாய்க்கிழமை காலை அவள் அப்பா பேக்கி, கஞ்சிக் கிண்ணத்தைக் கையில் வாங்கியவர், அப்படியே போய்விட்டார்.

எங்கள் ஊரில் சாவு விழுந்தால் அந்த வீடு அந்த வீட்டுக்காரருடையது இல்லை. நூலா வீட்டுப் பின்னறையில் பெட்டி வைத்தார்கள். உடலைத் தனியே விடக்கூடாது, யாராவது கூட இருந்துகொண்டே இருக்கவேண்டும். இரண்டு நாளும் வாசலில் கார் வந்து நின்றபடியே இருந்தது. ஒருத்தி முட்டை சாண்ட்விச் அடுக்கினாள், ஒருத்தி கோப்பை கழுவினாள், எல்லோரும் டீ குடித்தார்கள். நூலாவின் கணினி அந்தப் பின்னறை அலமாரியில்தான் இருந்தது, அப்பாவின் கால்மாட்டில். அதை எடுக்க அவள் போகும்போதெல்லாம் யாராவது கையைப் பிடித்து, "நல்ல மனுஷன் நூலா, ஒருத்தருக்கும் பாரமில்லாம போயிட்டார்" என்றார்கள். அவளும் உட்கார்ந்து அழுதாள்.

புதன்கிழமை மத்தியானம் ஹிலரி வந்தாள், ப்ரோனா கூட்டிக்கொண்டு வந்தாள். இறந்த உடலை ஒரு வீட்டுக்குள் ஹிலரி பார்ப்பது அதுதான் முதல் தடவை. கறுப்பு உடுப்பு, கையில் பூ, முகம் வெளுத்துப்போயிருந்தது. பெட்டிக்குப் பக்கத்தில் நின்று என்ன செய்வதென்று தெரியாமல் லேசாகக் குனிந்தாள். பாவம்.

நூலா தட்டோடு வந்தாள். "டீ குடிங்க ஹிலரி."

"இல்ல நூலா, நன்றி. இப்பதான் சாப்பிட்டு வந்தேன்."

"ஒரு வாய் குடிங்க."

"நிஜமாவே வேண்டாம்."

"அரைக் கோப்பை" என்று முழுக் கோப்பையைக் கையில் திணித்தாள் நூலா, சாஸரில் பழக் கேக் ஒரு துண்டும் வைத்தாள். ஹிலரி அதை எங்கே வைப்பதென்று சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கடைசியில் குடித்தாள்.

பிறகு குரலைத் தாழ்த்தி, "நூலா, வெள்ளிக்கிழமை கட்டுரை இருக்கே. ஒரு வாரம் தள்ளிப்போட நான் எழுதிக் குடுக்கவா? ஒரே ஒரு படிவம், ரெண்டு நிமிஷ வேலை" என்றாள்.

தட்டைப் பிடித்தபடி நின்றாள் நூலா. சுற்றிலும் டெஸ்ஸியின் அக்காமார், பக்கத்து வீட்டுக்காரர்கள், அப்பாவோடு சீட்டாடுகிறவர்கள். அவளுக்கு அந்த நிமிடம் அப்படியே ஹிலரியின் காலைப் பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. வேண்டும், ஒரு வாரம் வேண்டும், வேண்டும் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

"ஐயோ, அதெல்லாம் வேண்டாங்க. உங்களுக்கு எதுக்குச் சிரமம். முடிஞ்ச மாதிரிதான்" என்றது வாய்.

"நிச்சயமாவா?"

"நிச்சயமா. நீங்க அதப் போட்டு மனசக் கொழப்பிக்காதீங்க."

இரண்டு தடவை ஆயிற்று. நூலா போகவில்லை. ஹிலரியின் சாஸரை நேராக வைத்தாள், தட்டில் இருந்த சாண்ட்விச்சைத் திருப்பித் திருப்பி அடுக்கினாள். மூன்றாவதுக்காகத்தான் நின்றாள். ஹிலரி அவள் தோளைத் தொட்டு, "நீங்க ரொம்ப தைரியசாலி நூலா" என்றாள். அதற்குள் பாதர் வந்துவிட்டார் என்று யாரோ கூப்பிட்டார்கள். எல்லோரும் முழங்காலிட்டு ஜெபமாலை சொல்ல ஆரம்பித்தார்கள்.

அந்த நிமிடத்தில் நூலா என்ன நினைத்தாள் என்று கேட்டால், வேலை முடிந்தது என்றுதான் நினைத்தாள். சாவு வீட்டுக்கு வந்து, அதுவும் இரண்டு தடவை கேட்டவள் செய்யாமலா இருப்பாள்? மூன்றாவது கேள்வியைப் போனில் கேட்பாள், இல்லாவிட்டால் கேட்காமலே எழுதிக் கொடுத்துவிடுவாள். அப்படிச் செய்கிறவர்கள் எங்கள் ஊரில் நிறைய உண்டு. ஹிலரியோ கல்லூரிக்குத் திரும்பிப் போய் மாணவியின் ஃபைலைத் திறந்து, நடந்ததை நடந்தபடி ஒரு வரி எழுதிவைத்தாள். வளர்ந்த பெண், வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லிவிட்டாள், அவளை வற்புறுத்துவது அவளை அவமதிப்பது. ஹிலரியை வளர்த்தவர்கள் அப்படித்தான் வளர்த்திருந்தார்கள், அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குத் தேவாலயத்தில் அடக்கப் பூசை. பன்னிரண்டு அடிக்கும்போது பேக்கியைக் குழிக்குள் இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் நூலா சமையலறை மேஜையை விட்டு எழவில்லை. அரைகுறையாக இருந்ததை ஏற்றிவிட்டிருக்கலாம், ஆனால் ஒரு வாரம் கிடைத்திருக்கிறதே என்று எல்லாவற்றையும் கலைத்துத் திரும்ப எழுதினாள். குதிகாலில் முதல் சிவப்பு எப்படித் தெரியும், விரலால் அழுத்தினால் வெளுக்கவேண்டியது வெளுக்காமல் இருந்தால் என்ன அர்த்தம், எத்தனை மணிக்கொரு தடவை புரட்டவேண்டும், புரட்டாதபோது என்ன நடக்கிறது. பத்தொன்பது வருடத்தையும் அதில் போட்டாள். டெஸ்ஸி வாசித்துப் பார்த்து, "இது நீ எழுதினதா" என்றான். அவன் வாயிலிருந்து அதற்கு மேல் பாராட்டு வராது. திங்கட்கிழமை காலை ஏற்றினாள்.

மூன்று வாரம் கழித்து மதிப்பெண் வந்தது. கட்டுரைக்கு எதிரில் நாற்பது என்று இருந்தது. ஏதோ தப்பு என்று நூலா பக்கத்தை மூடித் திறந்தாள். அடியில் சின்ன எழுத்தில் விளக்கம்: கட்டுரையின் தகுதி எண்பத்து நான்கு, அனுமதியின்றித் தாமதம், ஆகவே நாற்பதுக்கு மேல் வழங்க இயலாது. மொத்தச் சராசரி அறுபத்து மூன்று புள்ளி எட்டு.

துறைத் தலைவர் மலாக்கி லாக்ரனைப் போய்ப் பார்த்தாள். மலாக்கி வெளியூர்க்காரர் இல்லை. நூலா வீட்டிலிருந்து இரண்டு மைலில் பிறந்தவர், அப்பாவின் அடக்கத்துக்கும் வந்தவர். சாவு வீட்டில் ஹாம் சாண்ட்விச்சை இரண்டு தடவை வேண்டாம் என்று சொல்லிவிட்டு நான்கு தின்றவர். ஹிலரியும் கூட உட்கார்ந்திருந்தாள். மலாக்கி ஃபைலைப் பிரித்து ஒரு தாளை நூலா பக்கம் திருப்பினார். "கூடுதல் அவகாசம் தருவதாகச் சொன்னேன். இரண்டு முறை கேட்டேன். இரண்டு முறையும் மாணவி வேண்டாம் என்றார்." கீழே ஹிலரியின் கையெழுத்து, புதன்கிழமைத் தேதி.

"இது நெசமா நூலா?"

"நெசந்தான்."

"வேண்டாம்னு சொன்னியா?"

"சொன்னேன்."

மலாக்கி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்குத் தெரியும். ஒனக்கும் தெரியும். ஆனா மேல இருக்கிற குழுவுக்கு நான் என்னத்த எழுதறது? எங்க ஊர்ல ரெண்டு தடவ வேண்டாம்னா வேணும்னு அர்த்தம்னு எழுதவா? சாவுக்குன்னு தனியா ஒரு மனு உண்டு, அது அஞ்சு வேலை நாளுக்குள்ள வந்திருக்கணும். நீ ஏன் போடல?"

"அவங்க பாத்துக்கிட்டாங்கன்னு நெனச்சேன்."

அப்போதுதான் ஹிலரிக்கு விளங்கியது. அவள் மலாக்கியைப் பார்த்தாள், பிறகு நூலாவைப் பார்த்தாள். "அப்ப உங்களுக்கு அது வேண்டியிருந்துச்சா?" என்றாள்.

நூலா அந்தத் தாளை மலாக்கி பக்கமே திருப்பித் தள்ளினாள்.

மலாக்கி ஃபைலை மூடினார். ஜன்னலைப் பார்த்தபடி, "செப்டம்பர்ல திரும்ப வரியா? ஏதாவது ஒரு இடம் இருக்கான்னு பாக்கலாம்" என்றார்.

நூலா மனசுக்குள் கணக்குப் போட்டாள். இல்லத்தில் காலில் விழலாம். டெஸ்ஸியின் முதுகுக்கு ஏதாவது வழி பார்க்கலாம். இன்னொரு வருடம், பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு வருடம். சரி என்று சொல்லிவிடு, இந்த ஒரு தடவையாவது சொல்லிவிடு என்று அவள் தன்னையே கெஞ்சினாள். ஆனால் மனுஷர் கேட்டது ஒரு தடவைதான். நம்மவர். ஒரு தடவைக்கு என்ன அர்த்தம் என்று அவருக்கும் தெரியும். மனசிருந்தால் இன்னொரு தடவை கேட்பார், கேட்டதும் சரி என்று சொல்லிவிட வேண்டியதுதான்.

"வேண்டாம் மலாக்கி. உங்களுக்கு எதுக்குச் சிரமம்."

"ம், சரி" என்றார் மலாக்கி. பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். பாரம் இறங்கிய நிம்மதி அவர் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. எழுந்து நின்று கையை நீட்டினார், "அப்பா நல்ல மனுஷன்" என்றார்.

இரண்டு வருடம் இங்கே இருந்தும் ஒன்றும் தெரியாதவள் கேட்டது சத்தியமான கேள்வி. எல்லாம் தெரிந்தவர் கேட்டது வாசல்வரை வழியனுப்புகிற மரியாதை. நூலா இதை வராந்தாவில் நடக்கும்போது நினைத்துக்கொண்டாள். அழுகையைவிட ஆத்திரம்தான் அதிகமாக வந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

ஹிலரி பின்னாலேயே ஓடிவந்தாள். அவள் கண் சிவந்திருந்தது. "நூலா, ரெண்டு நிமிஷ வேலை. நான் அங்கேயே நின்னு போன்ல பண்ணியிருப்பேன். நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும். என் மேல கோபமா?"

கோபம்தான். உன் மேலே கோபம், என் நாக்கின் மேலே கோபம், செவ்வாய்க்கிழமை பார்த்துச் செத்த அப்பன் மேலேகூடக் கோபம். டீக் கோப்பையைக் கையில் திணித்தேனே, நீ வேண்டாம் என்று சொல்லச் சொல்லத் திணித்தேனே, அதைப் பார்த்தாவது உனக்கு உறைத்திருக்க வேண்டாமா? இவ்வளவும் நூலாவின் தொண்டைவரை வந்தது.

"சேச்சே, அதெல்லாம் ஒண்ணுமில்ல ஹிலரி. இதுல உங்க தப்பு என்ன இருக்கு" என்றாள்.

ஹிலரி அவளையே பார்த்தாள். பெரிய மூச்சாக விட்டாள். "ரொம்ப நன்றி நூலா. நான் பயந்தே போயிட்டேன்" என்று அவள் கையை அழுத்திப் பிடித்துவிட்டு, கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த வகுப்புக்குப் போனாள். மனுஷி நம்பிவிட்டாள். எப்போதும் போல, சொன்னதைச் சொன்னபடி நம்பிவிட்டாள்.

சனிக்கிழமை இல்லத்தில் வேலை. ஒன்பதாம் அறைக் கிழவியைப் புரட்டியபோது குதிகாலில் சிவப்பு. நூலா விரலை வைத்து அழுத்தி எடுத்தாள். வெளுக்கவில்லை. வராந்தாவில் போய் நர்ஸைக் கூட்டிவந்தாள், அந்தப் பெண் குனிந்து பார்த்தது.

"லேசாதான் இருக்கு. ரெண்டு நாள் பாக்கலாம்" என்றது. பிறகு நிமிர்ந்து, "நீங்க காலேஜ் போனீங்கல்ல, என்ன ஆச்சு?" என்று கேட்டது.

"அதெல்லாம் நமக்கு எதுக்கும்மா" என்றாள் நூலா.

அந்தப் பெண் மறுபடி கேட்கவில்லை. நூலா தலையணை ஒன்றை எடுத்து, குதிகால் மெத்தையில் படாதபடி கிழவியின் கெண்டைக்காலுக்கு அடியில் கொடுத்துவிட்டு, பத்தாம் அறைக்குப் போனாள்.